கார்மேகம் யார் மாதிரி

மே 4

வெயில் கொளுத்துகிறது. கடையில் வேர்க்குரு பவுடரும் குளுக்கோஸும் தவிர வேறு எதுவும் நகரவில்லை. மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன், ஊரில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. படவில்லை.

கூடைப்பந்து கிளப் செயலாளர் வந்து, "வழக்கம்போல மைக்கு நீங்கதாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யார் பிடிப்பதாம்? எங்கள் ஊர்ப் போட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வருகிறார்கள், மீதிப் பேர் நான் பேசுவதைக் கேட்க வருகிறார்கள். வீட்டில் அமலியிடம் இதைச் சொன்னேன். "மீதிப் பேரு சுண்டல் திங்க வர்றாய்ங்க" என்றாள்.

மைக் பிடிப்பதில் என் வழி தனி. ஒருவன் களத்தில் இறங்கும்போது வெறும் பெயரைச் சொன்னால் கூட்டத்துக்கு ஏறாது. அவன் யார் மாதிரி என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். இந்த வருஷம் எங்கள் கார்மேகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'இரண்டாம் மகிமைராஜ்'. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மே 6

அமலி விசிலை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கக் காலையில் மைதானத்துக்குப் போனேன். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, விடியற்காலையில் கிளப் பையன்களுக்குப் பயிற்சியாளர். வீட்டில் என் மனைவி. மூன்று வேலையிலும் விசில் அவளிடம்தான்.

கார்மேகம் வளர்ந்துகொண்டே போகிறான். பத்தொன்பது வயது, ஆறடி எட்டங்குலம். அவன் அப்பா மாங்காய் லாரி ஓட்டுகிறார், என் தோளுக்கு இருப்பார். இந்த உயரம் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. கூடைக்கு அடியில் நின்று ஆடும் உயரமான ஆளை நாங்கள் பிவட் என்போம். இப்படியொரு பிவட் இந்த ஊருக்கு வாய்த்ததே இல்லை.

"டேய், நீ ரெண்டாம் மகிமைராஜுடா" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"அவனை அவன் ஆட்டத்தை ஆட விடுங்க" என்றாள் அமலி.

மகிமைராஜ் யாரென்று தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. இந்தியாவுக்கு ஆடியவர். சென்னையில் பெரிய அலுவலகம் ஒன்றின் அணி. குதித்து இரண்டு கையாலும் பந்தைக் கூடைக்குள் அறைந்து வளையத்தில் தொங்கினார் என்றால் பலகையே ஆடும். அந்த அணியும் இந்த முறை வருகிறது. அவர்களுடைய மேனேஜர் கோதண்டம் இளம் பிவட் ஒருவனைத் தேடிக்கொண்டு வருகிறாராம். எடுத்தால் அணியில் இடம், அலுவலகத்தில் வேலை.

கார்மேகத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவன் அப்பா சொல்லிவிட்டார், இந்த வருஷமும் ஒன்றும் அமையவில்லை என்றால் திருப்பூரில் அண்ணனோடு பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டே எத்தனை நாள் இருப்பான்?

மே 9

டீக்கடையில் பெரிய விவாதம். கார்மேகம் யார் மாதிரி?

செல்போனில் அமெரிக்க ஆட்டங்கள் பார்க்கும் பையன்கள் வாயில் நுழையாத பெயர்களாகச் சொன்னார்கள். செயலாளர், "நம்ம பழைய தேவசகாயம் மாதிரி. சுவரு மாதிரி நிப்பான்" என்றார். தேவசகாயம் நிற்பார்தான், நகர மாட்டார். இந்தப் பையனுக்குக் கால் ஓடுகிறது.

நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். மகிமைராஜும் இதே உயரம். பத்தொன்பது வயதில் அவரும் ஒல்லிதான், கார்மேகத்துக்கு இப்போதே தோள் விரிந்திருக்கிறது. கை நீளம் இருவருக்கும் ஒன்று. மகிமைக்கு இருந்த குதிப்பு இவனுக்குக் கொஞ்சம் கம்மி. அது வரும். பெரிய குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கையில் பந்து வந்தால் வைத்துக்கொள்ளாமல் உடனே வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறான். கூச்சம். கூட்டம் கைதட்டினால் சரியாகிவிடும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மே 11

மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். வேறு ஒன்றும் எழுத முடியவில்லை, முதுகு.

மே 14

முதல் ஆட்டம். காலரி நிரம்பி மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். அணியை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே வந்து, கடைசியில் குரலை இறக்கி, ஒரு மூச்சு விட்டு, "இதோ... இரண்டாம் மகிமைராஜ்... கார்மேகம்!" என்றேன். விசில் பறந்தது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

முதல் குவார்ட்டரிலேயே ஓடிப்போய்ப் பந்தைக் கூடைக்குள் அறைந்தான். அதற்குப் பிறகு கூட்டம் வேறு எதையும் கேட்கவில்லை. அவனும் வேறு எதையும் கொடுக்கவில்லை. நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தோம். எதிரணி பொடிப் பையன்கள்தான், ஆனாலும் வெற்றி வெற்றிதானே.

சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது அமலி, "இன்னிக்கு அவன் மூலையில நின்ன மரியதாஸுக்கு ஒரு பாஸாவது குடுத்தானா, பாத்தீங்களா?" என்றாள்.

"பாஸா? அத யாரு பாத்தா?"

"அதான்" என்றாள்.

மே 15

இன்று மயிரிழையில் தப்பித்தோம்.

நான் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே கூட்டம் "மகிமை! மகிமை!" என்று ஆரம்பித்துவிட்டது. கார்மேகம் பந்து வந்தபோதெல்லாம் கூடையை நோக்கியே முட்டினான். இரண்டு பேர் வந்து மறித்தார்கள். மரியதாஸ் மூலையில் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான், மூணாறு பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி. பந்து போகவில்லை. ஒருமுறை அறையப் போய் வளையத்தில் பட்டுப் பந்து நடு மைதானத்துக்குத் தெறித்தது. கோதண்டம் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, முதல் வரிசை. பாதி ஆட்டத்தில் எழுந்து டீ குடிக்கப் போனவர் திரும்ப வெகு நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அமலி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ஏங்க, இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

"புகழ்ந்தா தப்பா?"

"நீங்க அவனைப் புகழல. மகிமைராஜைப் புகழுறீங்க. அவன் உங்களுக்காக ஆடிக்கிட்டிருக்கான்."

"எனக்காகவா? நானா குதிக்கச் சொன்னேன்?"

"பின்ன யாரு சொன்னா?"

நான் எலுமிச்சைச் சாதத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

ஆட்டத்தை விட்டவர்களுக்கு, ஆடுகிறவர்களுக்குக் கைதட்டல் விழுந்தால் ஒரு மாதிரி இருக்கும்போல. அமலியும் ஆடியவள்தான். பல்கலைக்கழக அணி, சட்டையில் 'அமலோற்பவம்' என்று முழுப் பெயர். ஐந்தடி இரண்டங்குலம், பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கார்டு. மகள் பிறந்ததும் நிறுத்தினாள். அவள் ஆடிய நாளில் நான்தான் மைக். 'எங்கள் ஊர்ச் சிட்டு' என்று சொல்வேன், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். அவளுக்கு நான் குறை வைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

மே 16

இன்று ஆட்டமில்லை. கடையில் உட்கார்ந்திருக்கிறேன், வாசலை மறைத்துக்கொண்டு ஒரு நிழல். மகிமைராஜ். நேரில்! தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, முட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இருந்தா குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே பேன்ட்டைச் சுருட்டி அடித்துக்கொண்டார். முட்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"மைக்குல பேசுத ஆளு நீங்கதான? அந்தப் பையனை என்னய மாதிரின்னு சொல்லுதீங்களாமே."

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"அப்படியே சொல்லிட்டு இருங்க. எனக்கு நல்லதுதான்."

"ஏன் தம்பி?"

"எங்க டீம்ல மகிமைராஜ் ஒருத்தன் ஏற்கெனவே இருக்காம்லா. இன்னொருத்தன் வந்தா நான் எங்க போவேன்? கோதண்டம் சாரே நேத்து சொல்லிட்டாரு. 'இன்னொரு நீ எதுக்குப்பா எனக்கு? உனக்குப் பந்து குடுக்க ஒரு உயரமான ஆளுல்லா வேணும்'னாரு. அந்தப் பையன் பாஸே குடுக்க மாட்டேங்கான்னு பேரைக் கழிச்சிட்டாரு."

கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். போகும்போது, "நல்ல பையன் அண்ணாச்சி. ஆனா என்னய மாதிரி இல்ல. பயிற்சியில பாத்தேன், அவன் கை வேற கை" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்துக்குப் பதில் ஜீரண மருந்தை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, படித்துப் பார்க்கிறவர்.

அமலியிடம் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். தலைவலி இல்லை.

மே 17

கூப்பிடாமலேயே காலையில் மைதானத்துக்குப் போனேன். அமலி புருவத்தை உயர்த்தினாள். "சும்மா, நடக்க வந்தேன்" என்றேன். நான் நடந்து அவள் பார்த்ததே இல்லை.

கூடைக்குப் பின்னால் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மைக் இல்லாமல் ஆட்டம் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். மைக் கையில் இருந்தால் பார்வை பந்தின் பின்னாலேயே போகும், அடுத்த வார்த்தைக்குத் தயாராக இருக்க வேண்டுமே. இன்று பேச வேண்டிய அவசியமில்லாததால் ஆளைப் பார்க்க முடிந்தது.

ஒரு பையன் வரவில்லை. ஆள் குறைகிறதென்று அமலியே டிராக் பேன்ட்டோடு உள்ளே இறங்கினாள். நாற்பத்தெட்டு வயது. பந்து அவள் கைக்கு வந்தது. முகம் வலது பக்கம் திரும்பியது, மறிக்க நின்றவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். அதே நேரத்தில் இடது தோள் லேசாக, சேலைத் தலைப்பு நழுவினால் தாங்குகிற மாதிரி, ஒரு இறக்கம். பந்து இடது பக்கம் போய்விட்டது. பார்க்காமலேயே கொடுத்துவிட்டாள். வாங்கினவன் நடந்துபோய்க் கூடையில் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கார்மேகத்தின் கைக்குப் பந்து வந்தது. இங்கே கூட்டம் இல்லை, 'மகிமை' இல்லை. முகம் வலது பக்கம். இடது தோளில் அதே இறக்கம். பந்து மரியதாஸிடம்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்தடி இரண்டங்குல ஆட்டத்தை ஆறடி எட்டங்குலத்தில் ஆடுகிறான். எல்லோர் தலைக்கும் மேலிருந்து அந்தப் பாஸ் வந்தால் யார் தடுப்பது? நானும் ஊரும் இத்தனை நாள் அவன் தலை எங்கே இடிக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பந்தைக் கொடுப்பதைக் கூச்சம் என்று டீக்கடையில் தீர்ப்பு வேறு சொன்னேன்.

மதியம் கேட்டேன். "அந்தப் பாஸ் நீ சொல்லிக் குடுத்ததா?"

"எந்தப் பாஸு?"

தோளை இறக்கிக் காட்டினேன். எனக்குச் சரியாக வரவில்லை.

அமலி என் தோளைப் பார்த்தாள். "சொல்லிக் குடுக்கல. அவனாப் பாத்துப் புடிச்சுக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு, மாவு அரைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

மகிமைராஜ் சொன்னதையும் சொல்லிவிட்டேன், அடுப்படி வாசலில் நின்று. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். "கழிச்சாச்சா?" என்றாள். நான் தலையாட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மறுபடி கிரைண்டரைப் போட்டாள். திட்டியிருக்கலாம்.

மே 18

அரையிறுதி. நாங்களும் மகிமைராஜ் அணியும். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

இன்று வெறும் பெயரை மட்டும் சொன்னேன். "கார்மேகம்." அவ்வளவுதான். கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் விட்டதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். "ரெண்டாம் மகிமை! ரெண்டாம் மகிமை!" நான் கட்டிவிட்ட பட்டத்தை நானே அவிழ்க்க முடியவில்லை. அசல் மகிமை எதிரே நிற்க, கார்மேகம் அவர்மேல் ஏறிப் போடப் பார்த்தான். அவர் பந்தைத் தட்டிவிட்டார், மறுபடியும் தட்டிவிட்டார். எங்கள் பையன் முகம் செத்துப்போயிற்று. அமலி எல்லைக்கோட்டில் நின்று "பந்தைக் குடு, குடுடா" என்று கத்துவது அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? எனக்கே உதடு அசைவதுதான் தெரிந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது நன்றாகப் பின்தங்கியிருந்தோம். கோதண்டம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரல் எட்டாத இடத்துக்கு என் குரல் எட்டும். ஆனால் என்ன சொல்வது? மனதில் இருந்ததைச் சொன்னால் கூட்டம் சிரிக்கும். மைக்கில் பெண்டாட்டி புராணம் படிக்கிறான் என்பார்கள். பையனுக்கு அவமானமாகப் போய்விட்டால்? அமலியிடம் கேட்கவும் இல்லை. முப்பது வருஷமாக மைக் பிடிக்கிறேன், இப்படித் தயங்கியதில்லை.

இரண்டாம் பாதிக்கு அணிகள் இறங்கின. மைக்கை எடுத்தேன்.

"அன்பர்களே, ஒரு திருத்தம். ஐந்து நாளாக நான் தவறாகச் சொல்லிவிட்டேன். கார்மேகம் மகிமைராஜ் மாதிரி ஆடுபவர் அல்ல. இவர் ஆடுவது நம் ஊர் அமலோற்பவத்தின் ஆட்டம். அவர் குதிப்பதைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள்."

கூட்டம் சிரித்தது.

"யாருப்பா, நம்ம டீச்சரா?"

"ஏ, பொம்பள மாதிரி ஆடுறானாம்ப்பா!"

என் காது சுட்டது. அமலி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை. கார்மேகம் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். வெட்கச் சிரிப்பு இல்லை. லாரியிலிருந்து கடைசிக் கூடையையும் இறக்கிவிட்ட ஆள் சிரிப்பானே, அது.

முதல் பந்து அவன் கைக்கு வந்தது. முகம் வலது பக்கம் போனது. மகிமைராஜே அந்தப் பக்கம் சாய்ந்தார். பந்து இடது பக்கம், மரியதாஸ், கூடை.

"கூடை மரியதாஸ்! பாஸ்... அமலோற்பவம் வழியில் கார்மேகம்!" என்றேன். இன்னும் சிலர் சிரித்தார்கள். அடுத்த பாஸுக்குச் சிரிப்புக் குறைந்தது. அதற்கடுத்தது முதுகுக்குப் பின்னால் போனது, அதை நான்கூட எதிர்பார்க்கவில்லை. பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து "டீச்சர்! டீச்சர்!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சுற்றுக்காலரி முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. மீசை வைத்த ஆளெல்லாம் ஒவ்வொரு பாஸுக்கும் "டீச்சர்!" என்று கத்துகிறான். இந்த ஊரில் பாஸுக்குக் கைதட்டி நான் கேட்டதே இல்லை.

தோற்றோம். கடைசி நிமிஷத்தில் மகிமைராஜ் அந்த முட்டியை வைத்துக்கொண்டு குதித்து அறைந்தார், அதுதான் வித்தியாசம். அவர் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கோதண்டம் மைக் மேசைக்கு வந்தார். "சார், அமலோற்பவம்னா யாரு? எந்த டீம்ல ஆடறாங்க?"

பெஞ்சுக்கு அடியில் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். அவர் போனார். ரொம்ப நேரம் பேசினார்கள். அமலி உள்ளங்கையில் விரலால் ஏதோ கோடு போட்டுக் காட்டினாள். கார்மேகத்தை அடுத்த வாரம் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார். மகிமைராஜோடு ஒரே பக்கம் ஆட வைத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகுதான் முடிவு.

மே 20

மைக்கில் பெயரைச் சொன்னதில் அமலிக்குக் கோபமா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. மாங்காய் ஊறுகாய்க்கு நறுக்கச் சொன்னாள், நறுக்கினேன். துண்டு பெரிதாக இருக்கிறது என்றாள். சிறிதாக நறுக்கினேன்.

மே 22

கார்மேகம் பஸ் ஏறினான். படியில் தலை இடித்துக்கொண்டான். அவன் அப்பா கொடுத்தனுப்பிய மாம்பழப் பையை மகிமைராஜுக்கா கோதண்டத்துக்கா என்று என்னிடம் கேட்டான். உனக்கே இருக்கட்டும் என்றேன்.

மே 27

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. அமலி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், எடுத்துக்கிட்டாங்க டீச்சர்! ஆர்டர் வந்துரும்னு சொல்லிட்டாங்க. மகிமை அண்ணனுக்குப் பந்து குடுத்துக்கிட்டே இருந்தேன், அவரு போட்டுக்கிட்டே இருந்தாரு. பெரிய ஆபீசர் ஒருத்தரு வந்து, 'யார் மாதிரிப்பா ஆடுற'ன்னு கேட்டாரு. உங்க பேரைச் சொன்னேன்."

"நேரத்துக்குச் சாப்புடு" என்று மட்டும் சொல்லி அமலி போனை வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திருப்பூர் இல்லை. அவன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டையைத் தேடினேன்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாஸை நான் ஆடுனப்பவே பாத்தீங்களா, இல்ல அவன் ஆடுனப்பதான் பாத்தீங்களா?"

மைக் கையில் இருந்திருந்தால் அழகாக ஒன்று சொல்லியிருப்பேன். கூட்டமும் கைதட்டியிருக்கும்.

"அவன் ஆடுனப்பதான்" என்றேன்.

அமலி தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கோபப்படவும் இல்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த பந்தை எடுத்து, காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வாங்க. வாயத் தொறக்கக் கூடாது. பாக்க மட்டும் செய்யணும்."

மே 28

போனேன். பார்த்தேன். கடையைத் திறக்கப் பத்து மணி ஆகிவிட்டது.